வீட்டு நாளை வைத்துப் போட்ட பயணத் திட்டம்: ஒரு திருச்சிக் குடும்பத்தின் முதல் ஜப்பான் பயணம்

பின்னணி

2024 மே மாதம் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் ஜப்பான் போய் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் (66), அவர் மனைவி (61), தலைமையாசிரியரின் அக்கா (72), மகள் (37), மகளின் பையன் (11) என ஐந்து பேர். சிங்கப்பூரில் உறவினர் வீட்டுக்கு ஒரு முறை போனதைத் தவிர பெரியவர்கள் மூவரும் வெளிநாடு பார்த்ததில்லை. திட்டம் போட்டுக் கொடுத்தது நான். பேச்செல்லாம் மகள் வழியாகவே நடந்ததால், அவர் அழைப்பதைப் போலவே அந்த அக்காவை இங்கே அத்தை என்று குறிப்பிடுகிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஜப்பானைத் தேர்ந்தெடுத்தவர் தலைமையாசிரியர். வரலாறு நடத்தியவர். நாராவில் இருக்கும் பெரிய புத்தரைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. பையனுக்குப் புல்லட் ரயில். அத்தைக்கு ஆசை என்று எதுவும் இல்லை. "எல்லாரும் கிளம்பினா நான் மட்டும் வீட்டைக் காத்துக்கிட்டு என்ன பண்ணப் போறேன்" என்றுதான் சொன்னாராம். இந்தப் பயணத்தின் வடிவத்தைத் தீர்மானித்தவர் அவர்தான். ஆசை இருப்பவர் அசௌகரியத்தைப் பொறுத்துக்கொள்வார். ஆசை இல்லாமல் கூட வருபவருக்கு முதல் இரண்டு நாள் சரியாக அமையாவிட்டால் மீதி நாளெல்லாம் எப்போது ஊர் திரும்புவோம் என்றே ஓடும்.

என்னிடம் வரும்போதே அவர்கள் கையில் ஒரு குழுச் சுற்றுலாவின் விலைப்பட்டியல் இருந்தது. நாற்பது பேர், ஒரு பஸ், மதியமும் இரவும் இந்தியச் சாப்பாடு. சாப்பாட்டுக் கவலையே இல்லை என்பது அதன் பெரிய பலம், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தினமும் காலை ஏழரைக்குப் பெட்டியோடு கீழே இறங்க வேண்டும். பெரும்பாலும் இரவுக்கு ஓர் ஓட்டல். இந்திய உணவகம் இருக்கும் இடத்தை ஒட்டியே அன்றைய சுற்றும் அமைந்திருந்தது.

முதல் சந்திப்பில் கேட்டதும் கவனித்ததும்

எந்தெந்த இடம் பார்க்க ஆசை என்று நான் முதலில் கேட்பதில்லை. வீட்டில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும், எழுந்ததிலிருந்து படுக்கும் வரை சொல்லுங்கள் என்று கேட்பேன். பழக்கமில்லாத நாட்டில் ஆளைத் தடுக்கி விழ வைப்பது காலைக் குளியல், காபி, மாத்திரை, உட்காரும் இடம் போன்ற சின்ன விஷயங்கள்தான். அவையெல்லாம் இந்தப் பதிலில் வந்துவிடும்.

அத்தையின் நாள் இப்படி: நாலரைக்கு எழுவார். குளித்து, விளக்கேற்றி, அதற்குப் பிறகுதான் காபி. வெங்காயம், பூண்டு, முட்டை, காளான் எதுவும் கிடையாது. பதினொன்றரைக்குச் சாப்பாடு, பிறகு ஒரு மணி நேரம் படுக்கை. இடது முழங்காலில் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். மற்றவர்கள் சைவம், வெங்காயம் பூண்டு உண்டு. பையன் முட்டை சாப்பிடுவான். தலைமையாசிரியருக்குச் சர்க்கரை, சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது.

இதிலிருந்து உடனே தெரிந்த ஒன்று நேரக் கணக்கு. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அத்தையின் நாலரை அங்கே எட்டு மணி. குழுச் சுற்றுலாவின் காலை ஏழரை இவர் உடம்புக்கு நடுநிசி தாண்டிய நாலு மணி. குளியலும் பூஜையும் முடிக்க வேண்டுமென்றால் நம் ஊர் நேரப்படி மூன்று மணிக்கே எழ வேண்டும். முதல் மூன்று நாளுக்காவது அது நடக்காத காரியம்.

இன்னொன்று, அவர்கள் பெட்டியில் வைக்க நினைத்திருந்த பொருள்கள். மின்சார ரைஸ் குக்கர் எடுத்துப் போவதாக இருந்தார்கள். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட் குக்கர் அங்கே சூடாவதற்கே திணறும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் பட்டியலில் இருந்தன. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பச்சைக் காய், பழம், இலை எதையும் அந்நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. மருந்துப் பையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதிச் சான்று வாங்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள ஜலதோஷ மாத்திரைக்கு அங்கே தடை. வீட்டில் இருந்த ஜலதோஷ மாத்திரைகளை மொத்தமாக வெளியே எடுத்து வைத்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

குழுச் சுற்றுலா வேண்டாம், ஐந்து பேருக்கும் தனி ஏற்பாடு, ஆனால் எல்லா நாளுக்கும் வழிகாட்டி இல்லை என்று முடிவானது. செலவைப் பற்றி மகளுக்குத் தயக்கம் இருந்தது. அங்கே முழு நாள் வழிகாட்டிக் கட்டணம் கணிசமானது. அதனால் அந்தப் பணத்தை எந்த நாளில் போடுவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. பெரிய இடம் பார்க்கும் நாளுக்கு வழிகாட்டி வைப்பது வழக்கம். நாங்கள் சாதாரண விஷயங்களே புதிதாக இருக்கும் நாள்களுக்கு வைத்தோம். டோக்கியோவில் முதல் இரண்டு நாள், கியோட்டோவில் முதல் நாள், நாரா, பிறகு கோயாசான் மலை. ரயில் சீட்டு எப்படி, கடையில் எப்படிக் கேட்பது, செருப்பை எங்கே விடுவது என்பதெல்லாம் முதல் இரண்டு நாளில் கைவந்துவிட்டால் மூன்றாம் நாள் அவர்களே போய் வரலாம்.

ஜப்பானில் வழிகாட்டிகளுக்குத் தேசிய அளவில் தேர்வும் உரிமமும் உண்டு. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2018இல் சட்டத்தைத் திருத்தியதால் உரிமம் இல்லாதவர்களும் கட்டணம் வாங்கி வழிகாட்டலாம். நான் உரிமம் உள்ளவராகத்தான் தேடினேன். அதைவிட, நம் கடிதத்துக்கு அவர் எப்படிப் பதில் எழுதுகிறார் என்று பார்த்தேன். ஒருவர் இடங்களின் பட்டியலை அனுப்பினார். இன்னொருவர், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார், கேள்விகளாக அனுப்பினார். மிரின், சாக்கே மாதிரி மது சேர்த்துச் சமைத்தால் பரவாயில்லையா? மீன் வறுத்த எண்ணெயில் காய் வறுத்தால்? அத்தைக்கு நாற்காலி என்ன உயரம் வேண்டும்? இவரையே டோக்கியோவுக்கு அமர்த்தினோம். கியோட்டோ பக்கத்துக்கு அவர் சொன்ன இன்னொரு வழிகாட்டி.

தேதியைப் பள்ளி விடுமுறை முடிவு செய்தது, ஆனால் முழுதாக அல்ல. ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை ஜப்பானில் கோல்டன் வீக் என்ற தொடர் விடுமுறை. நாடே பயணம் போகும். ஜூன் தொடங்கினால் மழைக்காலம் நெருங்கும். அதனால் மே இரண்டாம் வாரம் கிளம்பி, பள்ளி திறப்பதற்குள் திரும்புவது. அந்த ஆண்டு யென் மிகவும் விழுந்திருந்ததால் கியோட்டோவில் வெளிநாட்டுக் கூட்டம் ஏராளம். அறைகளை ஜனவரியிலேயே பிடித்துவிட்டோம்.

டோக்கியோவில் நான்கு இரவு, கியோட்டோவில் ஐந்து, கோயாசானில் ஒன்று, ஒசாகாவில் ஒன்று, அங்கிருந்தே விமானம். ஊர் மாறுவது மூன்றே முறை. ரயில் பாஸ் வாங்கவில்லை. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆனது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒரு வழி ஏறத்தாழ 14,000 யென்தான். இந்தத் திட்டத்துக்குத் தனிச் சீட்டே மலிவு.

டோக்கியோவிலும் கியோட்டோவிலும் சமையலறை உள்ள அறைகள். குக்கர் அங்கேயே இருக்கும். ஜப்பானிய அரிசி ஒட்டும் ரகம், சாம்பாருக்குச் சுமார், தயிர்சாதத்துக்கு அருமை. சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிர் எந்தக் கடையிலும் கிடைக்கும். ரசப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், காபிப் பொடி பெட்டியில் போனது. காலையும் இரவும் அறையில் சாப்பாடு, மதியம் மட்டும் வெளியே, அதுவும் முன்பதிவு செய்த இடத்தில்.

மதியச் சாப்பாட்டை ஏன் முன்பதிவு செய்ய வேண்டும் என்றால், அங்கே இறைச்சி இல்லாத தட்டிலும் மீன் இருக்கும். மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு ஒன்று அங்கே உண்டு. சூரை மீனைப் புகைபோட்டு உலர்த்தி, மரச்சீவலைப் போலச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். அந்தத் தெளிந்த நீர்தான் தாஷி. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, டெம்புராவுக்கு (மாவில் தோய்த்து வறுத்தது) தொட்டுக்கொள்ளும் சாறு, காய் வேகவைக்கும் நீர் என்று பாதிச் சமையல் அதில்தான் நிற்கிறது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. இறைச்சி, மீன், மீன் தாஷி, சிப்பி, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிய ஜப்பானிய அட்டையை வழிகாட்டியே தயாரித்துக் கொடுத்தார். அத்தைக்குத் தனி அட்டை.

விளக்குதான் கடினமான முடிவு. அறையில் புகை உணரும் கருவி உண்டு, கற்பூரம், நல்லெண்ணெய் விளக்கு எதற்கும் இடமில்லை. மகள் இதை விமான நிலையத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். நான் முதல் மாதத்திலேயே சொல்லச் சொன்னேன். அத்தை இரண்டு நாள் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்புறம் அவரே, "பூ வெச்சுக் கும்பிட்டுக்கறேன், அங்கேயும் கோயில் இருக்குமில்ல" என்றாராம்.

பயணத்தில் நடந்தது

முதல் இரண்டு நாளும் வெளியே கிளம்பியது பத்தரைக்கு. முதல் நாள் அசகுசாவில் சென்சோஜி கோயில். பிரதான மண்டபத்துக்கு முன்னால் பெரிய ஊதுவத்திக் கலசம் இருக்கிறது. மக்கள் அந்தப் புகையைக் கையால் அள்ளித் தலையிலும் தோளிலும் தடவிக்கொள்கிறார்கள். யாரும் சொல்லாமலே அத்தை முன்னால் போய், ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் போல ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு கட்டு ஊதுவத்தி வாங்கித் தானே ஏற்றினார். வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று காத்திருந்தார். அடுத்து போக வேண்டிய ஒரு கடைவீதியை அன்று விட்டுவிட்டார். நல்ல வழிகாட்டி என்று நான் சொல்வது இதைத்தான்.

அன்று மாலை ஒரு கசப்பு. முன்பதிவு இல்லாத சிறிய நூடுல்ஸ் கடையில் தலைமையாசிரியர் நுழைந்து அட்டையைக் காட்டினார். கடைக்காரர் படித்து, குனிந்து வணங்கி, கைகளைக் குறுக்கே வைத்து முடியாது என்று காட்டினார். சாறு இல்லாமல் வெறும் நூடுல்ஸ் கேட்டும் இல்லை. வெளியே துரத்துகிறார்கள் என்று அவருக்குக் கோபம். நூடுல்ஸ் எல்லாம் வேகும் தண்ணீர் ஒரே பாத்திரத்தில், குழம்பு காலையிலேயே கலந்து வைத்தது, தவறாகக் கொடுத்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் மறுக்கிறார் என்று வழிகாட்டி விளக்கினார். நம் ஊரில் கேட்டால் மாற்றிக் கொடுப்பது மரியாதை, அங்கே சரியாகச் செய்ய முடியாததைச் செய்து தருவதாக ஒப்புக்கொள்ளாமல் இருப்பது மரியாதை. கோபம் அன்றே தணிந்தது. அடுத்த நாளிலிருந்து அவர் கடைக்குள் போகாமல் வாசலில் நின்று கேட்கப் பழகிக்கொண்டார்.

இரண்டாம் நாள் ரயிலில் தலைமையாசிரியரின் மனைவி சென்னையில் இருக்கும் மகனோடு வீடியோ காலில், ஸ்பீக்கரில் பேசினார். பெட்டியில் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை. வழிகாட்டியும் உடனே தடுக்கவில்லை. அடுத்த நிலையத்தில் எல்லோரையும் இறக்கி, நடைமேடையில் பெஞ்சில் உட்கார வைத்து, இங்கே ரயிலில் போன் பேசுவதில்லை, இப்போது இங்கேயே நிதானமாகப் பேசி முடியுங்கள் என்றார். அடுத்தவர் முன்னால் சொல்லியிருந்தால் அந்த அம்மாவுக்கு அது பயணம் முழுக்க உறுத்தியிருக்கும்.

கியோட்டோவுக்குப் போகும் முன்தினமே பெரிய பெட்டிகளைக் கூரியரில் அடுத்த அறைக்கு அனுப்பியாயிற்று. மறுநாள் சேரும். ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் நீள, அகல, உயரக் கூட்டுத்தொகை 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அந்தத் தொல்லையும் இல்லை. ஓர் இரவுத் துணி, எல்லா மாத்திரைகள், பூஜைப் பை மட்டும் கையில். காலையில் கிளறிய புளியோதரை ரயிலில் மதியச் சாப்பாடு. நகர ரயிலில் சாப்பிடுவது நாகரிகமில்லை, ஷின்கான்செனில் எல்லோரும் சாப்பிடுவார்கள்.

கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி கோயிலின் மலைப்படிகளைத் திட்டத்திலேயே விட்டுவிட்டு, சமதளத்தில் இருக்கும் சான்ஜுசான்கெண்டோ மண்டபத்தை வைத்திருந்தோம். நூற்றிருபது மீட்டர் நீளம், கருணையின் வடிவமான கன்னோன் போதிசத்துவருக்கு 1,001 சிலைகள், முன்வரிசையில் பெரும்பாலும் இந்திய மூலம் கொண்ட 28 காவல் தெய்வங்களின் சிலைகள். இந்திரன், பிரம்மா, குழல் ஊதும் கருடன். தலைமையாசிரியர் ஒவ்வொன்றாக அத்தைக்குப் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தார். நாராவில் பெரிய புத்தர் இருக்கும் தோதைஜி கோயில். 736இல் ஜப்பான் வந்த இந்தியத் துறவி போதிசேனர்தான் 752இல் அந்தப் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர். இதை வழிகாட்டி சொல்லத் தொடங்க, தலைமையாசிரியர் முடித்தார்.

அன்றிரவு அத்தையின் முழங்கால் வீங்கியது. கோயில்களில் நடந்ததால் அல்ல. நிலையங்களில் லிஃப்ட் நடைமேடையின் ஏதோ ஒரு கோடியில் இருக்கும். அதுவரை நடை, மாறும் ரயிலுக்கு மறுபடி நடை. அடுத்த நாள் போக வேண்டிய, கியோட்டோவின் அராஷியாமா பகுதியை ரத்து செய்யலாமா என்று மகள் இரவில் போன் செய்தார். ரத்து செய்யச் சொன்னேன். ஒரு முழு நாள் ஓய்வு. அன்று மகளும் பையனும் வழிகாட்டி இல்லாமல் ஹிரோஷிமா போனார்கள். முந்தைய இரவு தாத்தாவும் பேரனும் மடித்த காகிதக் கொக்குகளை, அணுகுண்டுக்குப் பலியான குழந்தைகளின் நினைவுச் சின்னத்தில் வைத்துவிட்டு வந்தார்கள். பெரியவர்கள் மூவரும் தாங்களாகவே பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் தயிரும் கத்தரிக்காயும் வாங்கி வந்திருந்தார்கள்.

கோயாசான் இந்தத் திட்டத்தின் மையம். 800 மீட்டர் உயரத்தில், கூக்காய் துறவி 9ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடங்களின் ஊர். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் யாத்திரிகர் தங்கலாம். அங்கே படைக்கும் துறவிகளின் சமையலில் மீன் தாஷி கிடையாது. வெங்காயமும் பூண்டும் கிடையாது. அவர்கள் மரபிலும் அவை விலக்கு. டோக்கியோவில் சமையல்காரர்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்த அத்தையின் கட்டுப்பாடு இங்கே ஊர் வழக்கம். காளான் மட்டும் அவர்கள் சாறில் சேரும், அதை முன்கூட்டியே எழுதி, கடல்பாசிச் சாறு மட்டும் வைக்கச் சொல்லியிருந்தோம். தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அறைக்கு நாற்காலி மேசை, பொதுக் குளியலறைக்குப் பதில் அறையோடு சேர்ந்த குளியலறை. இரண்டும் உள்ள கோயிலாகப் பார்த்துப் பிடித்தது.

காலை வழிபாட்டுக்குப் பின் அங்கே அக்கினி வளர்த்தார்கள். துறவி மந்திரம் சொல்லி, சமித்துக் குச்சிகளை ஒவ்வொன்றாக இட்டு, சிறு கரண்டியில் எண்ணெய் வார்க்கிறார். நம் வேத ஹோமம் பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்த வடிவம். முடிந்த பிறகும் அத்தை எழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மகள் சொன்னதற்குக் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தார்.

விளைவு

ஐந்து பேரும் நல்லபடியாகத் திரும்பினார்கள். பார்க்க நினைத்ததில் அராஷியாமா மட்டும் விடுபட்டது. செலவு குழுச் சுற்றுலாவைவிட அதிகம், அதை மறைக்க ஒன்றுமில்லை. பாதி நாள்களுக்கு மட்டும் வழிகாட்டி என்பதால் எட்டும் அளவில் நின்றது. தலைமையாசிரியர், அத்தையின் முழங்கால் வீக்கம், கடை மறுப்பு இரண்டையும் விரிவாக எழுதி அனுப்பினார். அத்தை வீட்டில் வருவோரிடம் கோயாசானைப் பற்றி மட்டும் பேசுகிறாராம்.

களைத்துப் போனவர் மகள். வழிகாட்டியின் ஆங்கிலம் அத்தைக்கும் அம்மாவுக்கும் புரியாது. காலையிலிருந்து இரவு வரை அவரே மொழிபெயர்த்தார். ஹிரோஷிமா போன அன்றுதான் முதன்முறையாகத் தன் கண்ணால் நாட்டைப் பார்த்ததாகச் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

இடங்களுக்கு இடையிலான தூரத்தை ரயில் நேரமாக மட்டும் கணக்கிடுவதை விட்டு, எத்தனை முறை ரயில் மாறுகிறோம் என்பதை முதல் கணக்காக வைக்க வேண்டும். கியோட்டோவிலிருந்து கோயாசானுக்குப் பல ரயில், ஒரு கேபிள் கார், ஒரு பஸ். எழுபது தாண்டியவர் இருந்தால் அந்த ஒரு நாளைக்கு வேன் வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டிக்குப் போகும் பணத்தில் ஒரு நாளைக் குறைத்தாவது இதைச் செய்யலாம்.

வழிகாட்டியோடு கிளம்பும் முன் ஒரு வீடியோ பேச்சு, அதில் வீட்டில் மூத்தவரும் உட்கார வேண்டும். "உட்கார வேண்டும்", "போதும்", "கழிப்பறை", "கால் வலிக்கிறது" என்று இருபது வரிகளைத் தமிழிலும் ஜப்பானியத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட்டு மூத்தவர் கையிலும் வழிகாட்டி கையிலும் கொடுக்க வேண்டும். மகளோ மருமகளோ எப்போதும் நடுவில் நிற்க வேண்டியிருக்காது. மகளுக்கு என்று தனியாக இரண்டு அரை நாளைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

டோக்கியோவில் ஓர் இரவைக் குறைத்துக் கோயாசானில் இரண்டாக்கலாம். காலை அக்கினி வழிபாடு முடிந்து பஸ் நேரத்தைப் பார்க்காமல் உட்கார அந்த இரண்டாம் நாள் வேண்டும்.